நூற்று இருபத்தைந்து கேள்விகள்

டிஎன்பிஎஸ்சி குரூப் 2, 2ஏ முதல்நிலைத் தேர்வின் கேள்வித்தாளில் 200 கேள்விகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை மதிப்பெண் வீதம் 300 மதிப்பெண்; நேரம் மூன்று மணி. இந்த 200இல் பட்டப்படிப்புத் தரத்தில் கேட்கப்படும் பொது அறிவுக் கேள்விகள் 75தான். பொதுத்தமிழ் அல்லது பொது ஆங்கிலம் 100, திறனறிவு 25. இந்த 125 கேள்விகளும் பத்தாம் வகுப்புத் தரம் என்று அறிவிக்கையிலேயே போட்டிருக்கிறது. எல்லோரும் அதைப் படிக்கிறார்கள்; படித்துவிட்டு மறந்தும் விடுகிறார்கள்.

தேர்வுக்குத் தயாராகும் ஒருவரின் மேசையைப் பாருங்கள். அரசியலமைப்புக்கு ஒரு தடித்த புத்தகம், பொருளாதாரத்துக்கு இரண்டு, நவீன இந்திய வரலாற்றுக்கு ஒன்று, மாதாந்திர கரண்ட் அஃபேர்ஸ் இதழ்கள் ஓர் அடுக்கு, பயிற்சி மையம் கொடுத்த நோட்ஸ் இன்னோர் அடுக்கு. இவ்வளவும் அந்த 75 கேள்விகளுக்காக. தமிழுக்கு என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால், "நம்ம தாய்மொழிதானே சார், கடைசி மாசம் பாத்துக்கலாம்" என்பார்கள். கணக்கு? "டென்த்துல தொண்ணூத்தஞ்சு சார்." அந்தத் தொண்ணூற்றைந்தை வாங்கி ஏழெட்டு ஆண்டு ஓடியிருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தமிழில் 90, திறனறிவில் 23 சரியாகப் போட்டவருக்கு 113 வந்துவிடுகிறது. பொது அறிவில் 45 எடுத்தாலே அவர் 158 கேள்விகளைச் சரியாகச் செய்தவர். தமிழில் 75, திறனறிவில் 15 என்று நிற்பவர் அதே 158ஐத் தொட வேண்டுமானால் பொது அறிவில் 75க்கு 68 வேண்டும். அறிவியலிலிருந்து அண்மைச் செய்தி வரை பரந்து கிடக்கும் பகுதியில் 68 என்பது எவ்வளவு படித்தவருக்கும் எட்டாக்கனி. தமிழில் 90 அப்படியல்ல. பாடத்திட்டம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரிந்த பகுதி அது. ஆறு மாதம் முறையாக உட்கார்ந்தால் கைக்கு வரும். உங்கள் நேரத்தில் பெரும்பங்கை இந்த 125க்குக் கொடுங்கள் என்பதுதான் இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல வந்தது.

இன்னொன்றையும் மனத்தில் வைக்க வேண்டும். முதல்நிலை மதிப்பெண் இறுதித் தரவரிசையில் சேராது. முதன்மைத் தேர்வு எழுத யாரை அனுமதிப்பது என்று வடிகட்டுவதோடு அதன் வேலை முடிந்தது. 300க்கு 90 குறைந்தபட்சத் தகுதி என்று இருந்தாலும், உண்மையான கட்-ஆஃப் அதற்கு வெகு மேலே நிற்கும். எங்கே நிற்கும் என்பது காலியிடங்களைப் பொறுத்தது. அறிவிக்கையில் 2022ஆம் ஆண்டு 5,529 இடங்கள், 2024இல் 2,327, 2025இல் 645. துணை வணிகவரி அலுவலர், சார்பதிவாளர் முதல் துறைகளின் உதவியாளர் வரை எல்லாம் இதற்குள் அடக்கம். இப்படி ஏறி இறங்கும் எண்ணை நம்பி "இந்த முறை இடம் அதிகம், கொஞ்சம் படித்தாலே போதும்" என்று இருப்பவர்களும், "இடம் கம்மி, அடுத்த முறை பார்ப்போம்" என்று விட்டுவிடுபவர்களும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். 2023இல் இந்த முதல்நிலைத் தேர்வே நடக்கவில்லை. ஆணையம் வெளியிடும் ஆண்டுத் திட்டத்தைப் பார்த்துத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். காலியிட எண்ணைப் பற்றிய வாட்ஸ்அப் குழு விவாதங்களை விட்டு வெளியே வாருங்கள்.

ஆறாம் வகுப்பிலிருந்து

"ஆறாம் வகுப்புப் புத்தகத்தையா படிக்கச் சொல்றீங்க?" என்று பொறியியல் முடித்தவர்கள் சிரித்துக்கொண்டே கேட்பார்கள். ஆமாம், ஆறாம் வகுப்பிலிருந்துதான். தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் புதிய பாடநூல்கள் 2018 முதல் வரத் தொடங்கின. கேள்வி தயாரிப்பவர்கள் முதலில் கைவைப்பது அவற்றில்தான். எல்லாமே பிடிஎஃப் வடிவில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனாலும் காசு கொடுத்து அச்சுப் புத்தகத்தை வாங்கிவிடுங்கள். கோடு போட, ஓரத்தில் எழுத, ஐந்தாம் முறை புரட்ட அதுதான் வசதி.

எதைப் படிப்பது, எதை விடுவது என்பதில் தெளிவு வேண்டும். ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ். ஆறு முதல் பத்து வரை கணக்கில் பாடத்திட்டத்துக்கு உரிய பாடங்கள், அறிவியல், சமூக அறிவியல். பதினொன்று, பன்னிரண்டில் வரலாறு, அரசியல் அறிவியல், பொருளியல், புவியியல். 'அறவியலும் இந்தியப் பண்பாடும்' என்று மேல்நிலை வகுப்புக்கு ஒரு பாடம் உண்டு. பள்ளியில் அதைப் படித்தவர்கள் மிகக் குறைவு. தேர்வுக்குப் படிப்பவர்கள் அதைத் தேடி அலைவார்கள். தமிழர் பண்பாட்டுப் பகுதிக்கு அதிலிருந்து நிறையக் கிடைக்கும். பதினொன்றாம் வகுப்பு இயற்பியலுக்குள் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள். அங்கே செலவிடும் ஒரு வாரம் ஒரு கேள்விக்குக்கூட உதவாமல் போகலாம்.

பாடத்தின் நடுவிலுள்ள பத்திகளை எல்லோரும் படிக்கிறார்கள். பெட்டிச் செய்திகளில்தான் கோட்டை விடுகிறார்கள். தமிழ்ப் புத்தகத்தில் ஒவ்வொரு செய்யுளுக்கும் கீழே 'நூல்வெளி' என்ற குறிப்பு இருக்கும்: ஆசிரியர் யார், நூலில் எத்தனை பாடல், எந்தத் தொகுப்பைச் சேர்ந்தது என்று நாலைந்து வரி. அந்த நாலைந்து வரிக்குள்ளேயே இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கும். இயல் முடிவில் வரும் 'கலைச்சொல் அறிவோம்' பெட்டியும் அப்படியே. பத்தாம் வகுப்பில் காற்றைப் பற்றிய பாடத்தின் முடிவில் டெம்பெஸ்ட் என்றால் பெருங்காற்று, டொர்னாடோ சூறாவளி, வேர்ல்விண்ட் சுழல்காற்று என்று வரிசையாக இருக்கிறது. அண்மையில் திருத்தப்பட்ட பொதுத்தமிழ்ப் பாடத்திட்டத்தில் கலைச்சொற்களும், வாசித்துப் புரிந்துகொள்ளும் திறனும், சொல்லகராதியும் தனித்தனிப் பகுதிகளாகிவிட்டன. ஆகவே அண்ணன் படித்த பழைய கைடை வாங்கிக்கொண்டு உட்காராதீர்கள். முதல் வேலையாக, ஆணைய இணையதளத்தில் உள்ள பாடத்திட்டத்தை அச்செடுத்து மேசைக்கு மேலே ஒட்டுங்கள்.

தமிழில் எங்கே சறுக்குகிறோம்

வீட்டில் தமிழ் பேசுபவர் தமிழ்த் தாளில் மதிப்பெண் இழப்பது பெரும்பாலும் தனக்குத் தெரியும் என்று நினைத்த இடத்தில்தான். வேர்ச்சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 'கேட்டான்' என்பதன் வேர்ச்சொல் கேள். 'கற்றான்' கல், 'விற்றான்' வில், 'கண்டனர்' காண். அவசரத்தில் 'கேட்' என்றும் 'கற்று' என்றும் வட்டம் போட்டுவிட்டு வருபவர்கள் ஏராளம். தப்பிக்க ஒரு வழி: அந்தச் சொல்லை எதிரில் நிற்பவனுக்கு இடும் கட்டளையாக்கிப் பாருங்கள். "நீ கேள்", "நீ கல்", "நீ காண்." வேர்ச்சொல் தானே வந்து நிற்கும்.

பிரித்து எழுதுவதிலும் ஒரு கண்ணி உண்டு. செந்தமிழ், கருங்கடல், வெங்கதிர் மூன்றுக்கும் விடை செம்மை + தமிழ், கருமை + கடல், வெம்மை + கதிர். பண்புப்பெயர் வந்தால் 'மை' விகுதியோடு பிரிக்க வேண்டும் என்ற ஒரு விதி கைவசமிருந்தால் இவ்வகைக் கேள்விகளில் பாதி முடிந்தது. 'கரு + கடல்' என்று ஒரு விடையைக் கட்டாயம் வைத்திருப்பார்கள். அது உங்களுக்காகவே வைத்தது.

மரபுச் சொற்களில் நகரத்துப் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். யானைக் கன்று, சிங்கக் குருளை, புலிப் பறழ், கீரிப் பிள்ளை. மாந்தோப்பு, வாழைத் தோட்டம், சோளக் கொல்லை. மயில் அகவும், யானை பிளிறும். இவற்றுக்கு விதி கிடையாது, வாய்க்குப் பழக வேண்டியதுதான். பேருந்தில் போகும்போது ஒரு பக்கம் போதும்.

இலக்கியப் பகுதியில் ஆசிரியர், நூல், எண்ணிக்கை என்று மூன்றையும் சேர்த்தே படியுங்கள். சிலப்பதிகாரம் என்றால் இளங்கோவடிகள், மூன்று காண்டம், முப்பது காதை. மணிமேகலை என்றால் சீத்தலைச் சாத்தனார். காதை அதற்கும் முப்பதுதான், காண்டப் பிரிவு இல்லை. சீவக சிந்தாமணிக்கு இலம்பகம் பதின்மூன்று. இப்படி ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் படித்தால் 'பொருந்தாததைத் தேர்க' என்று கேட்கும்போது கை நடுங்காது. தனித்தனி அட்டையில் தனித்தனியாக எழுதி வைத்துப் படித்தவர்கள்தான் தேர்வறையில் முப்பதையும் பதின்மூன்றையும் மாற்றிப் போடுகிறார்கள்.

பொது ஆங்கிலம் எடுக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். பள்ளியிலிருந்தே ஆங்கில வழியில் படித்து, ஆங்கில இலக்கணம் தானாக வருமென்றால் எடுங்கள். முதன்மைத் தேர்வில் தமிழ்த் தகுதியை எப்படியும் தாண்டியாக வேண்டும் என்பதையும் நினைவில் வைத்து முடிவெடுங்கள்.

இருபத்தைந்து கணக்குகள்

சுருக்குதல், விழுக்காடு, மீ.பொ.வ., மீ.சி.ம., விகிதம், தனிவட்டி, கூட்டுவட்டி, பரப்பளவு, கன அளவு, நேரமும் வேலையும். பிறகு எண்தொடர், பகடை, புதிர், படங்களை வைத்துத் தருக்கம். திறனறிவுப் பாடத்திட்டம் இவ்வளவுதான். ஒவ்வொரு தலைப்பிலும் திரும்பத் திரும்ப வரும் மாதிரிகள் சிலவே. அந்த மாதிரிகளை முறையோடு பழகிவிட்டால் கேள்வியைப் படித்து முடிக்கும்போதே வழி தெரியும்.

8,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 5 விழுக்காடு வீதம், 2 ஆண்டுகளில் கூட்டுவட்டிக்கும் தனிவட்டிக்கும் உள்ள வித்தியாசம் என்ன? இரண்டு வட்டியையும் தனித்தனியாகக் கண்டுபிடித்துக் கழிக்க ஒன்றரை நிமிடம் ஆகும். முதல் ஆண்டு வட்டியான 400 ரூபாய்க்கு இரண்டாம் ஆண்டில் வரும் வட்டிதான் அந்த வித்தியாசம் என்று புரிந்தவருக்கு 400இல் 5 விழுக்காடு, அதாவது 20 ரூபாய். பேனாவை எடுக்கவே வேண்டாம். சூத்திரத்தை மனப்பாடம் செய்தவருக்கும் அதே விடைதான் வரும். ஆனால் கேள்வியைத் திருப்பி, வித்தியாசத்தைக் கொடுத்து அசலைக் கேட்டால், காரணம் புரிந்தவர்தான் தடுமாறாமல் போவார்.

ஒரு வேலையை ஒருவர் 10 நாளிலும் மற்றவர் 15 நாளிலும் முடிப்பார்கள். சேர்ந்து செய்தால் எத்தனை நாள்? பின்னத்தில் இறங்க வேண்டாம். இரண்டுக்கும் மீ.சி.ம. 30. மொத்த வேலை 30 பங்கு என்று வைத்துக்கொண்டால் முதலாமவர் நாளைக்கு 3, இரண்டாமவர் 2, சேர்ந்து 5. முப்பதை ஐந்தால் வகுத்தால் 6 நாள். நடுவில் ஒருவர் விலகிப்போனாலும், மூன்றாவது ஆள் வந்து சேர்ந்தாலும், தொட்டியில் ஒரு குழாய் நிரப்ப இன்னொன்று காலி செய்தாலும் இதே முறைதான்.

இரு எண்களின் பெருக்கற்பலன் அவற்றின் மீ.பொ.வ., மீ.சி.ம. இரண்டின் பெருக்கற்பலனுக்குச் சமம். மீ.பொ.வ. 12, மீ.சி.ம. 144, ஓர் எண் 36 என்றால் மற்றது? 12ஐ 144ஆல் பெருக்கி 36ஆல் வகுக்க வேண்டும். பெருக்காமல் முதலில் சுருக்குங்கள்: 144ஐ 36ஆல் வகுத்தால் 4, அதை 12ஆல் பெருக்கினால் 48. இப்படிச் சுருக்கிப் பழகுவது தினமும் செய்தால்தான் வரும். நாளுக்கு இருபத்தைந்து கணக்கு, கடிகாரத்தை வைத்துக்கொண்டு. கால்குலேட்டரைத் தொடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக நூற்றைம்பது போடுகிறேன் என்பவர்கள் இரண்டாம் வாரமே நிறுத்திவிடுகிறார்கள்.

கலைப் பிரிவில் படித்த பலருக்கு, அதிலும் குறிப்பாகப் பத்தாம் வகுப்போடு கணக்கை விட்டவர்களுக்கு, இந்தப் பகுதி மீது ஒரு பயம் உண்டு. ஏழாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்திலிருந்து தொடங்கினால் இரண்டு மாதத்தில் அது போய்விடும். பொறியியல் படித்தவர்களுக்குப் பயமே இல்லை என்பதுதான் சிக்கல். பயிற்சியில்லாமல் போய் ஒரு பகடைக் கேள்வியில் நான்கு நிமிடத்தைக் கரைப்பார்கள்.

பொது அறிவு: ஒன்றை இழுத்தால் பத்து வர வேண்டும்

பாடத்திட்டத் தாளில் எந்த எண் போட்டிருந்தாலும், தமிழ்நாட்டு வரலாறும் சமூக இயக்கங்களும் 'யூனிட் எட்டு', தமிழ்நாட்டின் வளர்ச்சி நிர்வாகம் 'யூனிட் ஒன்பது' என்றே பயிற்சி மையங்களில் பெயர் நிலைத்துவிட்டது. இவ்விரண்டையும் அரசியலமைப்பையும் மூன்று தனிப் பாடமாகப் படிக்கிறார்கள். சேர்த்துப் படிக்க வேண்டியவை இவை.

இடஒதுக்கீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1921இல் நீதிக்கட்சி அரசு வகுப்புவாரி உரிமை ஆணையை வெளியிட்டது. நாடு குடியரசான பிறகு அந்த ஆணை நீதிமன்றத்துக்குப் போனது. செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. சென்னை மாகாணத்தில் கிளர்ச்சி. அதே ஆண்டில் அரசியலமைப்பின் முதல் திருத்தம். சமூகத்திலும் கல்வியிலும் பின்தங்கியோருக்குத் தனி ஏற்பாடு செய்ய வழிவிடும் 15(4) உள்ளே வந்தது. 1980இல் எம்.ஜி.ஆர். அரசு பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டை 31இலிருந்து 50 விழுக்காடாக உயர்த்தியது. 1989இல் அதிலிருந்து 20 விழுக்காடு மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும் பிரிக்கப்பட்டது. பட்டியல் சாதியினருக்கு ஏற்கெனவே இருந்த ஒதுக்கீட்டோடு பழங்குடியினருக்குத் தனியாக 1 விழுக்காடும் சேர, மொத்தம் 69 ஆயிற்று. 1992இல் இந்திரா சாஹ்னி வழக்கில் 50 விழுக்காடு என்ற உச்சவரம்பு வந்தது. அதிலிருந்து 69ஐக் காப்பாற்ற 1993இல் தமிழ்நாடு தனிச் சட்டம் இயற்றியது. 1994இல் 76ஆவது திருத்தத்தின் மூலம் அது ஒன்பதாம் அட்டவணைக்குள் போனது. 2007இல் இஸ்லாமியருக்கு மூன்றரை, 2009இல் அருந்ததியருக்கு மூன்று, இரண்டுமே உள்ஒதுக்கீடு. பட்டியல் சாதியினருக்குள் இப்படிப் பிரிக்கலாம் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இந்த ஒரே சரட்டில் சமூக நீதி வரலாறு, அடிப்படை உரிமை, இரண்டு அரசியலமைப்புத் திருத்தம், ஓர் அட்டவணை, மூன்று தீர்ப்பு, மாநிலச் சட்டம், நடப்பு நிகழ்வு எல்லாம் வந்துவிட்டன. எந்த முனையிலிருந்து கேள்வி வந்தாலும் உங்களுக்கு நடுவில் கால் ஊன்ற இடம் இருக்கும். அதோடு, இதெல்லாம் நீங்கள் விண்ணப்பத்தில் நிரப்பப்போகும் வகுப்புக் கட்டத்தின் வரலாறும்கூட.

இதே போல மதிய உணவுக்கு நீங்களே ஒன்று கட்டிப் பாருங்கள். 1920இல் சென்னை மாநகராட்சிப் பள்ளி, 1950களில் காமராசர், 1982இல் சத்துணவு, பிறகு முட்டை, 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் தொடங்கிய காலை உணவு. மொழிக் கொள்கைக்கு ஒன்று, உள்ளாட்சிக்கு ஒன்று, நிலச் சீர்திருத்தத்துக்கு ஒன்று. பத்துப் பன்னிரண்டு சரடுகள் இருந்தால் தமிழ்நாடு சார்ந்த கேள்விகளில் பெரும்பகுதி அடங்கிவிடும். முதன்மைத் தேர்வில் பக்கம் பக்கமாக எழுத வேண்டி வரும்போது இதே சரடுகள்தான் பத்திகளாக விரியும்.

அறிவியலில் ஆறு முதல் பத்து வரை புத்தகத்தோடு நின்றுகொள்ளுங்கள். புவியியலை வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

நடப்பு நிகழ்வுகளுக்கு ஒரு நாளிதழும் ஒரு மாத இதழும் போதும். சட்டப்பேரவையில் ஒவ்வொரு துறையும் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்புகளை யாரும் சீண்டுவதில்லை. அரசுத் திட்டங்களின் பெயர், தொடங்கிய நாள், பயனாளி யார் என்பதெல்லாம் அவற்றில் நேராகவே இருக்கின்றன. சமூக நலம், பள்ளிக் கல்வி, ஊரக வளர்ச்சி, தொழில் ஆகிய நான்கு துறைகளின் குறிப்புகளை மட்டுமாவது தரவிறக்கிப் படித்துவிடுங்கள். கைடுகள் இவற்றிலிருந்துதான் பிய்த்துப் போடுகின்றன, சில சமயம் பிழையோடு.

பயிற்சி மையம் அவசியமா? பணம் இருந்து, தனியாக உட்கார்ந்தால் ஒழுங்கு வராது என்று தோன்றினால் சேருங்கள். இல்லையென்றால் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் தன்னார்வ பயிலும் வட்டம் கட்டணமில்லாமல் வகுப்பு நடத்துகிறது. கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இரண்டிலும் காலையில் போய்ப் பாருங்கள். உங்களைப் போன்றவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஒருவரையொருவர் கேள்வி கேட்டுக்கொள்ள மூன்று பேர் கொண்ட குழு, எந்த டெஸ்ட் பேட்ச்சுக்கும் குறைந்ததில்லை. மூன்றுக்கு மேல் போனால் டீக்கடைக் குழுவாகிவிடும்.

தேர்வறையில்

மாடல் டெஸ்ட்டை வாரம் ஒன்றாவது, காலை ஒன்பதரைக்குத் தொடங்கிப் பன்னிரண்டரைக்கு முடிக்குமாறு எழுதுங்கள். உண்மைத் தேர்வின் நேரம் அதுதான். ஆணைய இணையதளத்தில் முந்தைய ஆண்டுத் தாள்கள் விடைக்குறிப்போடு கிடக்கின்றன. தனியார் மாடல் தாள்களைத் தொடுமுன் 2022, 2024, 2025 தாள்களை முடியுங்கள். எழுதி முடித்ததும் மதிப்பெண்ணைக் கூட்டிவிட்டு எழுந்து போகக் கூடாது. தவறான ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் காரணத்தை எழுத வேண்டும்: படிக்கவே இல்லையா, படித்தும் குழம்பியதா, கேள்வியைத் தவறாகப் படித்ததா. மூன்றாவது வகை பலருக்குப் பத்துக்கு மேல் இருக்கும். 'தவறானது எது' என்ற கேள்விக்குச் சரியானதைத் தேர்ந்தெடுத்துவிட்டு வருவது அதில் முதலிடம். கேள்வித்தாளில் 'தவறான', 'பொருந்தாத' என்ற சொற்களின் கீழ் கோடு போடும் வழக்கத்தை இப்போதே தொடங்குங்கள்.

நேரத்தைப் பிரிக்க ஒரு வழி. தமிழ் 100க்கு 50 நிமிடம், பொது அறிவு 75க்கு ஒரு மணி நேரம், திறனறிவுக்கு 45 நிமிடம். கூட்டினால் 155. மீதி 25 நிமிடம் ஓஎம்ஆர் தாளுக்கு. ஒரு வட்டத்தைக் கருப்புப் பேனாவால் நிரப்ப 6 விநாடி என்றாலும் 200க்கு 20 நிமிடம் ஆகிறது. இதைக் கணக்கில் எடுக்காதவர்கள் கடைசிக் கால் மணி நேரத்தில் மொத்தமாக ஷேட் செய்யத் தொடங்கி, 87ஆவது விடையை 88இல் போட்டு, அங்கிருந்து கீழே எல்லாவற்றையும் கெடுத்துக்கொள்கிறார்கள். ஒரு பக்கம் முடிந்ததும் அந்தப் பக்கத்தின் விடைகளை நிரப்பிவிடுங்கள். தமிழில் தொடங்குங்கள், முதல் 50 நிமிடத்தில் 100 கேள்வி முடிந்திருந்தால் மனம் நிதானமாகும். திறனறிவைக் கடைசிக்கு வைக்காதீர்கள்.

நெகடிவ் மார்க் கிடையாது. ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்தாவதாக 'விடை தெரியவில்லை' என்று ஒரு வட்டம் இருக்கும். ஐந்தில் ஒன்றை நிரப்பியே ஆக வேண்டும் என்பது விதி. நேர்மையாக அந்த ஐந்தாவதை நிரப்பிவிட்டு வருபவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும். அதற்குப் பூச்சியம்தான் கிடைக்கும். தெரியாத 20 கேள்விகளில் நான்கிலொன்றைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டாலும் சராசரியாக 5 சரியாகும், ஏழரை மதிப்பெண். இரண்டு விடைகளை நீக்க முடிந்தால் 10 சரியாகும், 15 மதிப்பெண். பொருத்துக கேள்விகளில் நான்கில் இரண்டு இணை உறுதியாகத் தெரிந்தாலே பெரும்பாலும் மற்ற விடைகள் கழன்றுவிடும். கூற்று–காரணம் வந்தால் முதலில் இரண்டையும் தனித்தனி வாக்கியமாகச் சரிபாருங்கள். இரண்டும் சரியென்றால் மட்டும் நடுவில் 'ஏனென்றால்' போட்டு வாசியுங்கள்.

காகிதங்கள்

படிப்புக்கு நடுவே ஒரு நாளை இதற்கென்று ஒதுக்குங்கள். ஒருமுறைப் பதிவு 150 ரூபாய், ஐந்தாண்டு செல்லும். உங்களுடையது காலாவதியாகிவிட்டதா என்று பாருங்கள். தமிழ்வழியில் படித்தோருக்கு 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு. 2020 திருத்தத்துக்குப் பிறகு பட்டப்படிப்பை மட்டும் தமிழில் படித்திருந்தால் அது கிடைக்காது. பள்ளியிலிருந்தே தமிழ்வழி என்று ஒவ்வொரு நிறுவனத்திலும் சான்றிதழ் வாங்க வேண்டும். நீங்கள் படித்த தொடக்கப்பள்ளி மூடப்பட்டிருக்கலாம், பதிவேடு வேறு அலுவலகத்துக்குப் போயிருக்கலாம், தலைமையாசிரியர் கோடை விடுமுறையில் இருக்கலாம். அறிவிக்கை வந்த பிறகு ஓடத் தொடங்கினால் படிப்பு போய்விடும். இப்போதே போய் வாங்கி வையுங்கள்.

தேர்வு முடிந்த சில நாளில் தற்காலிக விடைக்குறிப்பு வெளிவரும். மறுப்புத் தெரிவிக்க ஏழு நாள் அவகாசம். அதுவும் இணையவழியில் மட்டும். இதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. உங்கள் விடை சரி, குறிப்பு தவறு என்று உறுதியாகத் தோன்றினால் பாடநூலின் அந்தப் பக்கத்தை ஆதாரமாக வைத்துப் பதிவு செய்யுங்கள். பயிற்சி மைய நோட்ஸும் கைடும் ஆதாரமாக ஏற்கப்படாது.

விடைக்குறிப்போடு ஒப்பிட்டுப் பார்த்துச் சரியான விடைகள் 150க்கு அருகில் அல்லது அதற்கு மேல் வந்தால் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டாம். கட்-ஆஃப் எவ்வளவு என்று யூடியூபில் தேடும் அந்த இரண்டு மாதத்தில்தான் முதன்மைத் தேர்வுக்கான பாதி வேலை முடிய வேண்டும். குரூப் 2 பணிகளுக்கு விரிவாக எழுதும் தாள் உண்டு. கல்லூரிக்குப் பிறகு பலரின் கை ஒரு பக்கம்கூடத் தொடர்ந்து எழுதியிருக்காது. மேலே சொன்ன இடஒதுக்கீட்டுச் சரட்டை எடுத்து, கடிகாரத்தை வைத்துக்கொண்டு, இருபது நிமிடத்தில் இரண்டு பக்கத்துக்கு எழுதிப் பாருங்கள். எங்கே திக்குகிறது என்று குறித்துக்கொண்டு அடுத்த அத்தியாயத்துக்கு வாருங்கள்.